பெயர் சொல்ல விரும்பாதவர்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய சுரங்க ஊரான ஊரிகத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான வரதனின் லைன் வீட்டில் இருந்தவர்கள்: வரதன். அவன் மனைவி ராதா. லேப்டாப்புடன் பக்கத்து வீட்டு ரூபேஷ். அவனைச் சாப்பிடக் கூப்பிட வந்து உட்கார்ந்துவிட்ட அவன் அம்மா இசபெல்லா. மிக்ஸி ஜாரைத் திருப்பித் தர வந்து, தராமல் மடியில் வைத்துக்கொண்டிருந்த கடைசி வீட்டு ரத்தினம்மா.

யாருக்கும் தெரியாமல் ஒரு புகார் அனுப்புவதற்காகக் கூடியிருந்தார்கள்.

வரதன் பங்காருபேட்டை ரோட்டில் ஒரு தனியார் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறான். கிரேனில் பிரேக் பிடிப்பதில்லை. போன வாரம் இரண்டு டன் இரும்பு ஒரு வெல்டரின் தலைக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றது. அரசாங்கத்துக்கு எழுதினால் வேலை போய்விடும். நாற்பத்தாறு வயதில் வேறு வேலை கிடைக்காது. எழுதாவிட்டால் ஒருவன் சாவான்.

தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்தின் வெப்சைட்டில் பெயர் கேட்கவில்லை. ஆனால் நெட்டை வைத்து வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று வரதன் உறுதியாக நம்பினான்.

"அதுக்குத்தாண்ணா இது," என்றான் ரூபேஷ். "பிரவுசர்ல ஒரு எக்ஸ்டென்ஷன். நீ இன்னொருத்தன் பிரவுசர் வழியா வெளிய போவே. பாக்கறவனுக்கு அவன் வீடுதான் தெரியும். அதே மாதிரி வேற எவனாச்சும் உன் வழியா போவான்."

"சுரங்கத்துக்குள்ள ஆள் எறக்கற கேஜு மாதிரி," என்றார் ரத்தினம்மா. "ஒண்ணு ஏறினா ஒண்ணு எறங்கும்."

வரதன் புகாரைத் தட்டி அனுப்பினான். மூச்சு விட்டான். பிறகு திரையின் மூலையைப் பார்த்தான். 'உங்கள் வழியாகச் சென்றவர்கள்: 17.'

"யாருடா இந்தப் பதினேழு பேரு?"

ரூபேஷ் குனிந்து பார்த்தான். "சொல்ப இருண்ணா, பாக்கறேன்... இதுல ரெண்டு பட்டன் கீது. நம்ம வழிய அடுத்தவனுக்குக் குடுக்கறது ஒண்ணு. அடுத்தவன் வழிய நாம எடுக்கறது ஒண்ணு. நான் குடுக்கற பட்டனை மட்டும் அமுக்கிட்டேன்."

"அப்போ என் கம்ப்ளைன்ட்டு?"

"உன் வீட்லேந்தே நேரா போயிடுச்சு."

வரதனின் முகத்தில் வேர்த்தது. ராதா விசிறியை எடுத்துத் தனக்கு விசிறிக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆவாதுண்ணா. இதே கம்ப்ளைன்ட்ட வேற இடத்துலேந்தும் அனுப்பிட்டா, முதல்ல யார் அனுப்புனான்னு தெரியாம பூடும்."

எடுக்கும் பட்டனை அமுக்கினான். எந்த நாட்டு வழியாகவோ இணைப்புக் கிடைத்தது. வெளிநாட்டுக்காரன் என்று நினைத்து அரசாங்க வெப்சைட் திறக்க மறுத்தது.

"உள்ளூர் ஆளா வேணும். அம்மா, உன் போனைக் குடு. அக்கா, நீங்களும் குடுங்க."

"இன்னாத்துக்கு?" என்றார் இசபெல்லா. "என் போன் வழியா போவுதுன்னா நானே அனுப்பறேன். எனக்கு எழுதத் தெரியாதா?"

அவரே எழுதினார். அனுப்பிய பிறகுதான் ரூபேஷ் படித்தான். கடைசி வரி: 'இப்படிக்கு, பெயர் சொல்ல விரும்பாத இசபெல்லா.'

"ம்மா!"

"கையெழுத்து இல்லாத மனுவ எவன் படிப்பான்?"

அந்தச் சத்தத்தில் ரத்தினம்மாவும் தம்முடையதை அனுப்பிவிட்டார். அதில் கிரேன் பிரேக் பிடிக்கவில்லை என்பதோடு, ஊரிகத்தில் வரதன் வீட்டு எதிர்க் குழாயில் எட்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றும் இருந்தது.

"என் பேரை எதுக்குக்கா போட்டீங்க?" என்று கேட்டான் வரதன்.

"அடையாளம் சொல்லலன்னா எந்தக் குழாயின்னு எப்டிப்பா கண்டுபுடிப்பான்?"

புதன்கிழமை பட்டறைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கிரேனுக்கு சீல் வைத்தார். முதலாளியின் அறையிலிருந்து கத்தல் கேட்டது. வரதன் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, ராதாவிடம் ஒவ்வொரு வீடாகப் போய் யாரும் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னான்.

ராதா லைனின் இருபத்திரண்டு வீடுகளுக்கும் போனாள். அதுவரை விஷயம் மூன்று வீடுகளுக்குத்தான் தெரிந்திருந்தது.

வியாழன் சாயங்காலம் பட்டறை சூப்பர்வைசர் வாசு வண்டியை நிறுத்தி இறங்கினார். லைன் முழுக்க ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"வரதனுக்குக் காய்ச்சல் எப்டிக் கீது சார்?" என்று எதிர் வீட்டிலிருந்து யாரோ வாசுவையே கேட்டார்கள்.

உள்ளே வந்த வாசு உட்காரவில்லை. "பங்காருபேட்டை ஸ்டேஷன் டீக்கடையில பேசிக்கிறாங்க. நந்திதுர்க்ல பேசிக்கிறாங்க. நீதான் எழுதினியாமே?"

மறைக்க வரதனிடம் எதுவும் மிச்சமில்லை. "நாந்தான் சார். அந்த வெல்டரு தலைக்கு மேலயே வந்து நின்னுச்சு சார். வேற வழி தெரியல. வேலைய மட்டும் எடுத்துடாதீங்க."

வாசு கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"யோவ், எழுதினது நாந்தான்னு நானே முதலாளிகிட்ட சொல்லிட்டேன், இன்னும் எழுதிடுவேனோன்னு பயந்து அவரு நேத்துதான்யா என்னை மேனேஜர் ஆக்கினாரு, தயவுசெஞ்சு உங்க லைன்காரங்களை வாய மூடச் சொல்லு!"

அவர் வெளியே போனதும், வரதன் மறுபடி வீடு வீடாக அனுப்புவதற்குள் ராதா கதவைச் சாத்திப் பூட்டினாள்.