உன் புள்ள பாட்டுக்கு உங்கக்காவுக்கு சாமி வந்த கத

ஆவடி பேக்டரி கோட்ரஸ்ல கீற மச்சான் வேலுசாமிக்கு, அயனம்பாக்கத்துலேர்ந்து உங்கக்கா பூங்காவனத்தோட ஊட்டுக்காரன் வேம்புலி சொல்லச் சொல்ல, எதுத்த ஊட்டு ஜெயப்பிரியா எழுதறது. இங்க நானு, மாடு, ஏரி எல்லாம் சொகம். அங்க நீயும் தங்கச்சியும் சொகமான்னு கேக்கணும். கேக்க மாட்டேன். அவ்ளோ கோவத்துல கீறேன்.

போன் போடாம இன்னாத்துக்கு லெட்டருன்னு கேப்ப. வரேன் இரு.

உன் புள்ள எழிலும் அவன் கூட்டாளி ரோஹித்தும் சேந்து மொதோ மொதோ ஒரு பாட்டு உட்டானுங்களே, நெமிலிச்சேரில ரயில கோட்ட உட்டுட்டு நிக்கறதப் பத்தி, அது ஓடட்டும்பா, நான் வாணான்னு சொல்லல. ஷேர் ஆட்டோல ஓடுது, பிரியாணி கடைல ஓடுது, சோப்பு வெளம்பரத்துல ஓடுது. புள்ளைங்க சம்பாரிக்கட்டும். ஆனா ஆடி மாசம் கூழு ஊத்தற அன்னிக்கி நம்ம அம்மன் கோயிலாண்ட அது ஏன் ஓடணும்? உங்கக்காவுக்கு சாமி வரதுன்னா நான் உடுக்க அடிச்சி வர்ணிப்பு பாடுனாதான் வரும். கண்ணாலம் ஆன வருசத்துலேர்ந்து அப்டிதான். வேற எவன் அடிச்சாலும் வராது. ஒரு தபா திருமழிசைலேர்ந்து ஒருத்தன கூட்டியாந்தாங்கோ, காதுல கடுக்கன், கைல வெள்ளி காப்பு, பொயுது சாயற வரிக்கும் அடிச்சான். உங்கக்கா குந்திகினு முறுக்கு துன்னுகினு இருந்தா. அதுல எனக்கு ஒரு கெத்து மச்சான். ஊட்ல நான் கூப்ட்டா ஒரு சொம்பு தண்ணி வராது, கோயில்ல நான் கூப்ட்டா ஆத்தாளே வருவா.

இந்த வருசம் நான் தொண்டைய கனச்சிகினு உடுக்கைய எடுக்கறேன், மைக் செட்டுக்காரன் சொம்மா இல்லாம செல்லுலேர்ந்து உன் புள்ள பாட்ட போட்டான். "டிக்கெட் எடுத்தேன், டிரெய்ன் போச்சி"ன்னு ஒரு வரி வருதே, அந்த வரிக்கு உங்கக்கா தலமுடி அவுந்துட்சி. ஆத்தா வந்துட்டா. ரயிலு போனதுக்கு ஆத்தா ஏன்பா வரணும்? ஜனம் பூரா கன்னத்துல போட்டுக்குது. தர்மகர்த்தா பரந்தாமன் ஆத்தா கிட்ட போயி, "தாயே, இந்த வருசம் மய பெய்யுமா"ன்னு கேக்கறான். ஆத்தா வாயத் தொறக்கறா, பாட்டு நின்னு வெளம்பரம் வந்துட்சி. பாட்டு ஹிட்டாச்சில்ல, அதான் நடுவுல வெளம்பரமாம். ஆத்தா தூக்கன கைய தூக்கனபடியே நிக்கறா. ஊரே கைய கட்டிகினு பனியன் வெளம்பரம் கேக்குது. நான் பொறுக்காம உடுக்கைய தட்டுனேன். உங்கக்கா ஒரு கண்ண தொறந்து, "யோவ், சொம்மா இரு"ன்னா. ஆத்தா சொன்னாளா, உங்கக்கா சொன்னாளா, எனக்கு இன்னும் வெளங்கல.

பரந்தாமன் சொல்றான், "வேம்புலி, அடுத்த ஆடிக்கு நீ கூழு அண்டாவாண்ட நில்லு, சாமிய கூப்டறதுக்கு ஸ்பீக்கரு போதும்"னு. எம்மாம் பேச்சி. அன்னிக்கே உனக்கு போன் போட்டேன். நீ எடுக்கல, ஸ்பீக்கர்ல போட்டா உன் காலர் டியூன்லயும் அதே பாட்டு. பக்கத்துல மீன் ஆஞ்சிகினு இருந்த உங்கக்கா கத்தியோட எயுந்து ஆடறா. அதான் லெட்டரு.

எழில் கைல சொல்லு, அந்தப் பாட்ட எல்லா எடத்துலேர்ந்தும் அயிச்சிடணும். இல்லாங்காட்டி அவன் எனக்கு மருமவன் இல்ல, நான் அவனுக்கு மாமன் இல்ல. பொங்கலுக்கு அவன் வந்தான்னா நான் ஏரிக்கரைல போய் குந்திக்குவேன்.

உனக்கும் தங்கச்சிக்கும் ஆத்தா எல்லா நல்லதும் குடுக்கட்டும், எந்தப் பாட்டுக்கு வந்தாலும் சரி.

இப்டிக்கு,
வேம்புலி (கைநாட்டு)

பின்குறிப்பு: லெட்டர ஒட்டறதுக்குள்ள பால்காரன் வண்டில அந்தப் பாட்ட போட்டுகினு போனான். அப்பால எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நானே எயுந்து ஆடுனேனாம், உங்கக்காதான் கற்பூரம் காட்டி மல ஏத்துனாளாம், ஜெயப்பிரியா சொல்றா. ஆடறப்போ ஒரு உத்தரவும் குடுத்தேனாம். அடுத்த ஆடிக்கு ரெண்டு பசங்களும் நேர்ல வந்து பாடணுமாம், நடுவுல வெளம்பரம் வரக்கூடாதாம், பக்கத்துல வேம்புலிதான் உடுக்க அடிக்கணுமாம். நான் சொல்லல மச்சான். ஆத்தா சொன்னது. தட்ட முடியாது.