நுனிகிள்ளி

நுனிகிள்ளி என்றொரு இனம் உண்டு. பறவையோ பூச்சியோ என்று நினைத்துவிடாதீர்கள். சட்டை போடும், கண்ணாடி போடும், மாதச் சம்பளம் வாங்கும். ஆனால் ஒரு செடியைக் கண்டுவிட்டால் அதன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாக ஒன்றுசேர்ந்துவிடும். பிறகு கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது.

எங்கள் எதிர்வீட்டு வங்கி அதிகாரி இந்த இனத்தில் அசல் சரக்கு. நுனிமொட்டைக் கிள்ளினால், இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையில் தூங்கிக்கொண்டிருக்கும் பக்கமொட்டுகள் விழித்துக் கிளைவிடும் என்று யாரோ எப்போதோ அவருக்குச் சொல்லித் தொலைத்துவிட்டார்கள். உண்மைதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த ஒரே ஓர் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு பல் டாக்டர் வீட்டு வராந்தாவில், மகளை நேர்காணலுக்கு அழைத்துப்போன அலுவலகத்தின் வரவேற்பறையில், ஏன், துக்கம் விசாரிக்கப் போன வீட்டு வாசலில்கூட, “ரொம்ப நல்ல மனுஷன், இப்படி ஆகும்னு யார் நெனச்சா” என்று தழுதழுத்தபடியே ஒரு நுனியைக் கிள்ளிவிட்டு வரும் மனிதரை என்ன செய்வது?

“என்ன சார் இது?” என்று கேட்டுவிடாதீர்கள். கணு எது, இலைநரம்பு எப்படி ஓடுகிறது என்று ஆரம்பித்தால் உங்கள் பஸ் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

அவர் மனைவியிடம் தொட்டியில் ஒரு ரோஜா இருந்தது. தன் அக்கா வீட்டுச் செடியிலிருந்து அந்த அம்மா வெட்டிக் கொண்டுவந்த குச்சி. அக்கா வீட்டில் பூத்துக் குலுங்குகிறது. இங்கே இலைதான், புதர் மாதிரி இலை. அக்கா வரும்போதெல்லாம், “உன் கைராசி அப்படிடி. உனக்கெல்லாம் பூக்காது” என்பாள். கைராசியா? ரோஜா நுனியில் பூக்கும். நுனிதான் தினமும் காலையில் காப்பியோடு சேர்ந்து காலியாகிக்கொண்டிருந்ததே!

ஒருமுறை அதிகாரி அலுவலக வேலையாக வெளியூர் போயிருந்தார். அந்த இடைவெளியில் செடி மொட்டு விட்டது. அந்த அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு வரச்சொன்னார். கணவர் திரும்பியதும் தொட்டிக்கு முன்னால் படுக்கை விரிப்பைக் காயப்போட்டு மறைத்துவிட்டார். காய்ந்த விரிப்பையே மறுபடி நனைத்துக் காயப்போட்டதை எங்கள் பால்கனியிலிருந்து நானே பார்த்தேன்.

அக்கா வந்தாள். விரிப்பு விலகியது.

“மொட்டா? இலையாத்தான் இருக்கும், போடி.”

அவ்வளவுதான். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்துவிட்டார். தாவர விஷயத்தில் ஒரு சந்தேகம், அதுவும் தன் வீட்டில்!

“நான் சொல்றேன் அண்ணி. இலைமொட்டுன்னா ஒல்லியா, கூரா இருக்கும். பூமொட்டு குண்டா இருக்கும். நிறைய பேருக்கு இந்த வித்தியாசமே தெரியாது. இதோ பாருங்க...”

நீட்டிய உள்ளங்கையில் அது இருந்தது. குண்டாக, பச்சையாக, உச்சியில் சிவப்பு லேசாக எட்டிப் பார்க்க.

எங்கள் பால்கனியில் நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

“நல்லா பாத்துக்கோக்கா,” என்றார் அந்த அம்மா. “குண்டாத்தானே இருக்கு? பூமொட்டுதான்.”

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகாரியோ, “அதனால என்ன, பக்கத்துல ரெண்டு வரும்” என்றார்.

“வரும். ஆனா இங்க வராது.”

சொல்லிவிட்டு அந்த அம்மா தொட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

இப்போது அந்த ரோஜா எங்கள் பால்கனியில் இருக்கிறது. பக்கத்தில் இரண்டு வந்தன என்பதையும் மனசாட்சிப்படி சொல்லிவிடுகிறேன். இரண்டிலும் மொட்டு. அக்காவும் தங்கையும் பூ பார்க்க வருகிறார்கள். அவருக்கு மட்டும் எங்கள் வீட்டில் காப்பி கூடத்தோடு சரி.

நீங்களும் தாராளமாக வாருங்கள். ஒரே ஒரு விஷயம். போன தடவை நீங்கள் வந்து போன பிறகு, நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் ஓர் இலை நரம்பு நரம்பாகக் கிழிபட்டுக் கிடந்தது. யார் வேலை என்று நான் கேட்கவில்லை. கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாருங்கள், போதும்.