சபையில் கேட்ட சாம்பார்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காசிமாயன் அரசனாகப் போகிறான். ஒரே தடை, அதே பத்து மணிக்கு அவனியாபுரத்தில் அவன் அக்கா மகளுக்குக் காதுகுத்து.

ராஜ்யம் இருப்பது கம்ப்யூட்டரில். நானூறு பேர் வேடம் ஏற்று ஆடும் ஆன்லைன் விளையாட்டு. பழங்காநத்தத்து மாடி வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்தபடியே அவன் இளவரசன் வீரமார்த்தாண்டன். அங்கே பேசுவதற்கு மூன்று இடங்கள். 'காது' என்பதில் ஒருவரிடம் மட்டும் கிசுகிசுக்கலாம். 'டீக்கடை'யில் சொந்தக்கதை பேசலாம். 'சபை'யில் மட்டும் வேடத்துக்குரிய பேச்சுத்தான். அங்கே வீட்டுக்கதை ஒரு வரி வந்தாலும் பட்டம் பறிபோய்ப் போட்டியாளருக்குப் போய்விடும். போட்டியாளர், கிழட்டுத் தளபதி கருங்கல்ராயன்.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவியிடம் பேச்சை எடுத்தான்.

"செல்வி, நாளைக்கு ஆபீஸ்ல ஆடிட்டு. நீ மட்டும் போயிட்டு வா."

"ஏங்க, தாய்மாமன் மடியில வச்சுல்ல காது குத்துவாக? நான் போயி என்னத்த?"

"தம்பி இருக்கான்ல. அவனும் தாய்மாமன்தான."

"ஒல்லிக்குச்சி. அவன் மடி எம்புட்டு? பிள்ள வழுக்கி விழுந்துரும்."

"தலகாணி வச்சுக்கிரச் சொல்லு."

பாண்டிச்செல்வி சிரித்தாள். போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சண்டை போடாமல் போகிறாளே என்று அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மூளை முழுக்க நாளைய பட்டாபிஷேகம்தான். வரவில்லை.

ஆறு மணிக்குச் சபை கூடியது. பட்டாபிஷேகத்துக்கு முந்தைய கடைசி உரை. காசிமாயன் தட்டினான்: "குடிமக்களே! எம் ஆட்சியில் எவரும் பசித்திரார்."

"ஏங்க, இட்லிக்குச் சட்னியா, சாம்பாரா?" அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

அவன் அடுத்த வரியைத் தட்டினான்: "எம் வாள் உறங்காது."

"உங்களத்தாங்க! சட்னின்னா தேங்கா இல்ல."

"எம் பகைவர்..."

"காது அடைச்சுப் போச்சா? சாம்பார் கெட்டியாவா, தண்ணியாவா? கேஸு வீணா எரியுது!"

வாய் சொல்ல வேண்டியதை விரல் சொல்லிவிட்டது. நானூறு பேர் முன்னிலையில் இளவரசன் முழங்கினான்: "கெட்டியாவே வையி தாயி, ஆள விடு."

உடனே சபையில் கருங்கல்ராயன் எழுந்தார்: "அவையோரே! வாள் பிடிக்க வந்தவர் கரண்டி பிடிக்கிறார். விதிப்படி மணிமுடி எமக்கே!"

ஆகட்டும் என்றார் நடுவர். நானூறு பேரும் வாழ்த்தினார்கள்.

"அடியே, உன்னாலதான்..." என்று காசிமாயன் அடுப்படிக்குப் பாய்ந்தான். அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. மேடையில் சாய்ந்து நின்று, பாண்டிச்செல்வி போனில் தட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தான். 'குடிமக்களுக்கு நன்றி. இவண், கருங்கல்ராயன்.'

"கிழவன் நீயா! எம்புட்டு நாளா?"

"நீங்க அந்தக் கம்ப்யூட்டரக் கட்டிக்கிட்ட நாள்லருந்து."

காசிமாயன் இறங்கி வந்தான். "சரி விடு. நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணாவே போவோம்."

"நான் எப்படி வாரது? மடிக்கு நீங்க போங்க, முடிக்கு நான் இருக்கேன். எனக்குக் காய்ச்சல்னு உங்க அக்காகிட்டச் சொல்லிருங்க. பொய்யில நீங்கதான ராஜா!"