ஆவி திருத்திய கணக்கு

அன்று மாடி அறையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் ஒருவரும் நழுவக் கூடாது. பல் வைத்தியர், வங்கி மேலாளர், மருந்துக்கடைக்காரர், பொறியாளர் இருவர், வக்கீலம்மா. இவர்களுக்குப் பின்னால் படிக்கட்டு வரை நெருக்கியடித்த கூட்டம். அத்தனை பேரும் செத்துப்போன கணக்கு வாத்தியாரின் பழைய மாணவர்கள். வாத்தியாரின் நாற்காலியில் குரலய்யா. செத்தவர்கள் அவர் தொண்டை வழியாகப் பேசுவார்களாம். காலடியில் காணிக்கைக் கூடை. சுவரோரம், அறைச் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, வாத்தியாரின் அக்கா.

அக்கா ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். அவர் குடும்பத்தில் ஒருவரும் ஓசியில் பயணம் செய்ததில்லை. இப்போது தம்பியின் பெயரிலேயே ஒருவன் ஓசிச் சவாரி செய்கிறான்.

கணக்கில் தோற்ற பிள்ளைகளுக்குத் தம்பி மாலையில் இலவசமாகப் பாடம் நடத்திய அறை அது. தினமும் பலகையில் வேண்டுமென்றே ஒரு தப்புக் கணக்குப் போடுவான். பிள்ளைகள் "தப்பு சார்!" என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால், "நான் சொன்னா நம்பிடுவீங்களா? கழுத்துக்கு மேல இருக்கறது தொப்பி மாட்டவா?" என்பான். அவன் போன பிறகு, இந்தப் பெரிய மனிதர்கள் முறை வைத்து வகுப்பை நடத்தினார்கள். குரலய்யா வரும்வரை நடத்தினார்கள். பிள்ளைகளின் இரைச்சல் தன் ஆத்மாவைக் குத்துகிறது, அறையைப் பூட்டிச் சாவியைக் குரலய்யாவிடம் கொடுங்கள் என்று ஆவி சொல்லிவிட்டது! பரீட்சை நெருங்குகிறது, பிள்ளைகள் தெருவில் நிற்கிறார்கள்.

"சார், எனக்கு மாற்றல் கிடைக்குமா?" என்றார் வங்கி மேலாளர்.

"கிடைக்கும், கண்ணு."

"பொண்ணுக்கு வரன், சார்?" இது பல் வைத்தியர்.

"வரும், கண்ணு."

காலமெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரிடம் ஒருவர்கூட ஒரு கணக்குக் கேட்கவில்லை.

"அக்கா, சாவியைக் கொடுத்துடுங்க. சாரே கேக்கறார்" என்றார் வக்கீலம்மா.

"கொடுக்கறேன்மா. முதல்ல டிக்கெட்டைப் பாக்கணும். ஆவியா இருந்தாலும் சரி."

அக்கா பலகையில் எழுதினார்: அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு.

"தம்பி, திருத்திக் கொடுடா. சரியா, தப்பா?"

குரலய்யாவின் மூடிய கண்களில் ஒன்று லேசாகத் திறந்தது. "அம்மா, ஆத்மாவுக்கு எண்கள் ஏது?"

"மாற்றல் உத்தரவு தெரியுது, பின்னம் தெரியலையா?"

மருந்துக்கடைக்காரருக்கு ரோசம் வந்துவிட்டது. "எங்க சாருக்கா தெரியாது? போடுங்க சார்!"

தப்ப வழியில்லை. குரலய்யா எழுந்தார். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து என்று உதடு முணுமுணுத்தது. சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகை கொள்ளாமல் ஒரு 'சரி' போட்டார்.

"தப்பு சார்!"

பொறியாளர் ஒருவரின் வாயிலிருந்து அவரையும் மீறி வந்தது அது. அடுத்தவர் கத்தினார். படிக்கட்டு கத்தியது. "பாதி ரொட்டியோட இன்னொரு துண்டைச் சேர்த்தா, பாதிக்கும் கீழ குறைஞ்சிடுமாய்யா?" என்று சீறினார் வங்கி மேலாளர்.

"ஏதோ கெட்ட ஆவி குறுக்கே..."

"உன் ஸ்டேஷன் வந்தாச்சு, இறங்கு" என்றார் அக்கா. "கூடையை வெச்சிட்டுப் போ."

ஜன்னல்கள் திறந்தன. பிள்ளைகள் தடதடவென்று மாடியேறினார்கள். வக்கீலம்மா தலை குனிந்துகொண்டு, "அக்கா, சார் ஞாபகமா வாசல்ல ஒரு சிலை வெச்சா..." என்று இழுத்தார்.

"சிலை பின்னம் சொல்லிக்கொடுக்குமா? இன்னிக்கு உன் முறைதானே? இந்தா சுண்ணக்கட்டி."

இப்போது ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அன்று வாத்தியாரின் நிஜ ஆவியே இறங்கி, எல்லார் வாயிலும் புகுந்து கத்தியதாம். இல்லை. யாரும் வரவில்லை. செத்தவர் செத்தவர்தான். கத்தியது உங்கள் மூளை, பெரிய மனிதர்களே. அறைக்குப் பூட்டுப் போடுமுன் நீங்கள் பூட்டி வைத்தது அதைத்தான்.