மேசை மட்டம் பற்றிய விசாரணை

பாறைக்களம் டிப்டி தாசில்தார் ஆபீசுக்கு 1938-ஆம் வருஷம் தை மாதம் ஒரு கிராமபோன் பெட்டி வந்து சேர்ந்தது. குடியானவர்களின் ரசனையை உயர்த்துவதென்று சமஸ்தானம் முடிவு செய்திருந்தது. கண்மாய்க் கரையை உயர்த்துவது இன்னும் பரிசீலனையில் இருந்தது. பெட்டியோடு பன்னிரண்டு இசைத்தட்டுகளும், டப்பா டப்பாவாக ஊசிகளும், பதினோரு விதிகள் அடங்கிய அச்சுத்தாள் ஒன்றும் இருந்தன.

பொறுப்பு ஆக்டிங் குமாஸ்தா ஆவுடையப்பனிடம் வந்தது. ஏழு வருஷமாக அவர் ஆக்டிங். மனைவி பிரகதாம்பாள் ஆறு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். "வேலை நிரந்தரமானா ஆள் அனுப்புங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கீரனூரில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

"மாசி பதினைந்தாம் தேதி ஸ்பெஷல் ஆபீசர் வருகிறார். அவர் முன்னால் இது பழுதில்லாமல் பாடினால், உம்மை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுகிறேன்" என்றார் டிப்டி தாசில்தார். பாடாவிட்டால் என்னவென்று அவர் சொல்லவில்லை.

விதிப்படியே எல்லாம் நடந்தது. இசைத்தட்டை விளிம்பில் மட்டும் பிடித்து எடுத்தார். வெயில் படாத அலமாரியில் செங்குத்தாக நிறுத்தினார். வெல்வெட் துணியால் வட்டமாகத் துடைத்தார். குறுக்கே துடைத்த பியூன் மூக்கனோடு இரண்டு நாள் பேசவில்லை. ஒரு பக்கம் பாடி முடிந்ததும் பழைய ஊசியைக் கழற்றிப் புது ஊசி போட்டார். பழைய ஊசிகளைக் கடுதாசியில் மடித்து அரக்கு முத்திரை வைத்தார். அவற்றை என்ன செய்வதென்று விதியில் இல்லாததால் முத்திரையோடு நிறுத்திக்கொண்டார்.

தகராறு முதல் விதியில்தான் இருந்தது: பெட்டியை மட்டமான இடத்தில் வைக்கவும்.

முதல் நாள் சாவி கொடுத்து ஊசியை இறக்கினார். "வேலவா, உன்னை நம்பி மலையேறி வந்தேன், என் வினையெல்லாம் ஓடிப் போச்சே" என்பது பாட்டு. "வேலவா, உன்னை நம்பி" வரை சரியாக வந்தது. அங்கே ஊசி சறுக்கிக் குதித்தது. "ஓடிப் போச்சே" என்றது பெட்டி.

மூக்கன் குனிந்து பார்த்தான். "மேசை வடக்க சாயுதுங்க. அந்தக் காலுக்கு ஒரு ஓட்டுச்சில்லு வெச்சாப் போதும்."

"சர்க்கார் மேசைக்கு அடியில் சர்க்காரைச் சேராத சில்லா? யார் உத்தரவு?" என்றார் டிப்டி தாசில்தார்.

உத்தரவு கேட்டு எழுதினார்கள். சில்லுக்குப் பதிலாக ஓவர்சியர் திருப்பதி வந்தார். ரசமட்டத்தை மேசைமேல் வைத்தார். குமிழி தெற்கே ஓடி ஒட்டிக்கொண்டது. தரையில் வைத்தார். அங்கேயும் தெற்கே ஓடியது. திருப்பதி ரசமட்டத்தை எடுத்துப் பைக்குள் போட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் கட்டடம் மட்டமாக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

"கட்டடம் மட்டம்" என்றார்.

"அப்ப மேசை?" என்றான் மூக்கன்.

"மட்டமான கட்டடத்துல நிக்கிற மேசை எப்படிய்யா சாயும்?"

"ஊசி குதிக்குதுங்களே."

"அது பாட்டோட சங்கதி. பாட்டு எங்க இலாகா இல்ல."

'மேற்படி பாட்டு வடபுறம் சரியும் இயல்புடையதாகக் காண்கிறது' என்று அறிக்கை எழுதிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு ஒருவர் வீதம் சாயங்காலம் வந்து ரசனையை உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. வந்தார்கள். ஒரு மாதத்தில் ஊரே அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டது. நடவு வயலில் ராக்காயி "வேலவா, உன்னை நம்பி ஓடிப் போச்சே" என்று எடுத்தால், மற்றவர்கள் அதே இடத்தில் ஒன்றாகக் குதித்தார்கள். ஒரு கல்யாணத்தில் நாயனக்காரர் ராக்கன் அந்தப் பாட்டை முழுசாக வாசித்தார். "பழைய காலத்து ஆளு" என்று சொல்லி அடுத்த கல்யாணத்துக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். அதன்பின் ராக்கனும் குதித்தார்.

மாசி பதினைந்து விடிந்தது. ஆவுடையப்பன் முதல் ஆளாக ஆபீசுக்குப் போனார். வேட்டி மடிப்பில் கொண்டுபோன ஓட்டுச்சில்லை வடக்குக் காலடியில் சொருகினார். ஏழு வருஷத்தில் உத்தரவில்லாமல் அவர் செய்த முதல் காரியம் அது.

ஸ்பெஷல் ஆபீசர் நாற்காலியில் அமர்ந்தார். ஊர் தரையில் உட்கார்ந்தது. ஊசி இறங்கியது. "வேலவா, உன்னை நம்பி மலையேறி வந்தேன், என் வினையெல்லாம் ஓடிப் போச்சே" என்று பெட்டி முழுசாகப் பாடியது.

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"மிசினு கெட்டுப்போச்சு" என்றார் யாரோ.

"நேத்து வரைக்கும் நல்லாப் பாடிச்சுங்க, எசமான். இந்தக் குமாஸ்தா தொடச்சுத் தொடச்சே கெடுத்துப்புட்டாரு" என்றாள் ராக்காயி.

டிப்டி தாசில்தார் நோட்டை எடுத்து 'பழுது' என்று எழுதினார். ஆவுடையப்பனுக்குக் கீரனூர் வெகுதூரம் போய்விட்டது.

"நேற்று எப்படிப் பாடியது?" என்று கேட்டார் ஸ்பெஷல் ஆபீசர்.

ராக்காயி பாடிக் காட்டினாள். குதிக்க வேண்டிய இடத்தில் கூட்டமே குதித்தது. ஆபீசர் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. ஒரு பாணி பாறைக்களம் வரைக்கும் வந்து தனக்குத் தெரியாமல் இருப்பதை அவர் விரும்பவில்லை.

"ஓ, இதுவா? பட்டணத்தில் இப்போது இதுதானே" என்றார். "உங்கள் பெட்டி ஏன் பழைய மாதிரி பாடுகிறது?"

மூக்கன் ஆவுடையப்பனைப் பார்த்தான். ஆவுடையப்பன் மேசையைப் பார்த்தார். பிறகு துண்டைக் கீழே நழுவவிட்டு, அதை எடுக்கக் குனிந்து, ஓட்டுச்சில்லை உருவினார்.

"இன்னொரு தரம் போடட்டுங்களா?"

இம்முறை பெட்டி அழகாகக் குதித்தது. கூட்டத்துக்கு மூச்சு வந்தது. ஆபீசர் தொடையில் தாளம் போட்டார். டிப்டி தாசில்தார் நோட்டில் ஒரு வார்த்தையை அடித்தார்.

ரகசியம் என்னவென்று ஆபீசர் கேட்டார்; மேசை வடக்கே சாய்வதை ஆவுடையப்பன் எழுதிக் கொடுத்தார். பங்குனியில் உத்தரவு வந்தது. சமஸ்தானத்துக் கிராமபோன்கள் எல்லாவற்றையும் பாறைக்களம் முறைப்படி அமைக்க வேண்டும். சாய்வு பிசகாமல் இருப்பதை ஓவர்சியர் திருப்பதி ரசமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டும். முறையைக் கண்டறிந்த குமாஸ்தா ஆவுடையப்பன் நிரந்தரமாக்கப்படுகிறார்.

ஆள் அனுப்பினார். பிரகதாம்பாள் வந்தாள். அன்று சாயங்காலம் அவள் அடுப்படியில் சந்தோஷமாகப் பாடிக்கொண்டே தோசை வார்த்தாள்: "வேலவா, உன்னை நம்பி மலையேறி வந்தேன்..."

தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த நிரந்தரக் குமாஸ்தா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "மெதுவா. எங்க கத்துக்கிட்ட இப்படி?"

"எங்கூருக்கே தெரிஞ்ச பாட்டுங்க. ஏன், தப்பா?"

"தப்புத்தான். நம்பிக்கு அப்புறம் ஓடிப் போச்சே. நடுவுல ஒண்ணும் கெடையாது" என்றார் ஆவுடையப்பன். அக்கம்பக்கத்தில் கேட்டிருக்குமோ என்ற கவலையில், எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார்.