நாக்-அவுட்டும் செத்துப்போன மசால் வடையும்

ஒரு மசால் வடையைத் தின்னாமலேயே வாரம் முழுக்க அனுபவித்த மனிதர் பெங்களூரில் ஒருவர்தான் உண்டு. அவரை நாங்கள் நாக்-அவுட் என்று கூப்பிட்டோம். சொந்தப் பெயர் என்னவோ இருந்தது. சம்பளச் சீட்டுக்கு மட்டும் அது பயன்பட்டது.

குத்துச்சண்டைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்தால் சுவரோரம் ஒதுங்கிவிடுகிற உடம்பு. தொம்மலூரில் ஒரு கட்டடத்தின் மாடியில், லண்டன் கம்பெனி ஒன்றுக்காகக் கம்ப்யூட்டரில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். அந்த மாடியின் கேன்டீன் என்னுடையது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வேறு யார் சொல்லப் போகிறார்கள்? ஐந்தாம் வகுப்பைக்கூட முழுசாகப் பார்க்காதவன் நான். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் பஸ் ஓடி டீ விற்றவன். இன்று பிரேசர் டவுனில் சொந்த வீடு, ஊருக்குள் மூன்று கேன்டீன். என் மசால் வடைக்காகவே வேலையை விடாமல் இருந்த இன்ஜினியர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் அவர்களையே கேளுங்கள். பாதிப் பேர் அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

நாக்-அவுட் முதன்முதலாக என் கல்லாவுக்கு வந்த நாள் மறக்காது.

"அண்ணா, மசால் வடை என்ன விலை?"

"மூணு ரூபா சார்."

"அடுத்த வெள்ளிக்கிழமை வந்து இதே மூணு ரூபாய்க்கு ஒண்ணு வாங்கற உரிமை எனக்கு வேணும். அதுக்கு இப்பவே நாலணா தர்றேன்."

"அட்வான்ஸா?"

"அட்வான்ஸ் இல்லண்ணா. நாலணா உங்களுது. வெள்ளிக்கிழமை நான் வந்தாலும் வராட்டியும் திருப்பிக் கேக்க மாட்டேன்."

"வராட்டி உங்களுக்கு என்ன சார் லாபம்?"

"ஒரு வாரம் உரிமை கையில இருந்துச்சே!"

என் சமையல்காரன் மணி, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நெற்றிப் பொட்டருகே விரலைச் சுழற்றிக் காட்டினான். நான் நாலணாவைக் கல்லாவில் போட்டேன். பைத்தியத்தின் காசும் காசுதான்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. இப்படி உரிமையை விற்று வாங்குகிற வியாபாரம் ஷேர் மார்க்கெட்டில் உண்டாம். ஆப்ஷன் என்று பெயராம். சாதா ஆப்ஷனுக்கு யார் வேண்டுமானாலும் விலை போட்டுவிடலாம். நாக்-அவுட் பார்த்தது விசித்திர வகைகளை. ஒன்று நடுவழியில் செத்துப்போகும். இன்னொன்று கடந்துபோன நாட்களில் எது நல்ல நாளோ அதையே கேட்கும். எந்த வகையைக் கேட்டாலும் அங்கேயே ஒன்றைப் பிறக்க வைத்து விலை சொல்லும் ஒரு பெரிய மென்பொருளை அவரும் ஐந்தாறு பேரும் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு லைப்ரரி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு புத்தகத்தையும் அங்கே நான் பார்த்ததில்லை.

லண்டன்காரர்கள் ஒரு வருஷம் கெடு கொடுத்திருந்தார்கள். லைப்ரரி பிடித்தால் மாடி இருக்கும், பிடிக்காவிட்டால் பூட்டு. மாடி பூட்டினால் என் அடுப்பும் அணைந்தது. பிரேசர் டவுன் வீட்டுக்கு அப்போதுதான் அஸ்திவாரம் போட்டிருந்தேன். ஆகவே நாக்-அவுட்டின் பைத்தியம் எனக்குச் சொந்த விவகாரமாகிவிட்டது.

அந்தப் பைத்தியம் இதுதான்: எந்த வகை உரிமையையும் கேன்டீனில் வாழ்ந்து பார்க்காமல் கம்ப்யூட்டரில் எழுத மாட்டார்.

பின்னால் திரும்பிப் பார்க்கிற வகை ஒன்று உண்டென்றேனே, அதற்காக ஒரு மாதம் தினமும் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் தோசை தின்பதை வெறித்துக்கொண்டே இருந்தார். மாதக் கடைசியில் மணியிடம் போனார்.

"மணி, ரெண்டாவது செவ்வாய்க்கிழமை ஊத்தினியே, ஓரமெல்லாம் மொறுமொறுன்னு, அந்த தோசை குடு."

"அதைத் தின்னவன் ஏப்பம் விட்டு மூணு வாரம் ஆச்சு சார்!"

"எனக்கு உரிமை இருக்குப்பா. மாசத்துலயே நல்ல தோசை எதுவோ, அது என்னுது."

மணி கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, "மொதலாளி, இந்தாளு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று வெளியே போய் உட்கார்ந்துவிட்டான். அவனைச் சமாதானப்படுத்தி உள்ளே கொண்டுவர என் பேச்சுத் திறமை அத்தனையும் செலவானது. அந்தத் திறமை இல்லாதவன் அன்றைக்குக் கடையைச் சாத்தியிருப்பான்.

ஆனால் அவருக்கு நாக்-அவுட் என்று பெயர் வாங்கித் தந்தது வெங்காயம். நடுவில் செத்துப்போகிற வகைக்குத்தான் நாக்-அவுட் என்று பெயர். அதற்கும் ஒரு மசால் வடையையே பிடித்தார். உரிமை பழையபடி மூன்று ரூபாய், வெள்ளிக்கிழமை. ஆனால் அதற்குள் சிவாஜிநகர் மார்க்கெட்டில் வெங்காயம் கிலோ இருபது ரூபாயை ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டால் போதும், உரிமை அங்கேயே காலி. வெங்காயம் தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்த சமயம் அது.

அவர் தினமும் விடிந்ததும் சிவாஜிநகருக்குப் போய் வெங்காயக் கடை பாய் முன்னால் நிற்க ஆரம்பித்தார். நான் சரக்கு எடுக்கப் போனபோது என் கண்ணாலேயே பார்த்தேன்.

"க்யா சாப், ரோஜ் ஆத்தே, குச் நை லேத்தே! தினம் வந்து சும்மா நிக்கறியே, ஒரு கிலோவாச்சும் வாங்கு சாமி" என்றார் பாய்.

"வாங்க வரல பாய். ஏத்தாதீங்க, அவ்ளோதான். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஏத்தாதீங்க."

"நான் ஏத்தறேனா? லாரி ஏத்துது!"

வியாழக்கிழமை காலை பாய் அட்டையில் சாக்பீஸால் இருபது என்று எழுதினார். அரைமணி நேரத்தில் கூட்டம் முறைத்ததால் அழித்துப் பதினெட்டு ஆக்கினார். ஆனால் தொட்டது தொட்டதுதான். கேன்டீனுக்கு வந்த நாக்-அவுட்டின் முகத்தைப் பார்த்து, யாரோ நெருங்கிய சொந்தம் போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

மறுநாள் சூடாக ஒரு மசால் வடையை நானே தட்டில் வைத்து நீட்டினேன். "காசே வேணாம் சார், சாப்பிடுங்க."

"அண்ணா, செத்துப் போச்சு."

"இப்பதான் சார் எண்ணெயில இருந்து எடுத்தான்!"

"அந்த உரிமை செத்துப் போச்சுண்ணா. செத்ததுக்கு விலையும் கிடையாது, சும்மாவும் கிடையாது." தட்டை என் பக்கமே தள்ளிவிட்டு, அடுத்த ஒரு வாரம் முழுக்க வெறும் தயிர்சாதம் சாப்பிட்டார்.

இவரோடு பழகி எனக்கும் தொழில் பிடிபட்டது. ஒருநாள், "சார், உங்க கையால போட்ட காபியைக் குடிக்கற உரிமை எனக்கு வேணும், இந்தாங்க நாலணா" என்றேன், கேலியாகத்தான். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னிக்கு வரைக்கும்?"

"என்னிக்கோ ஒரு நாள் வரைக்கும்."

"ஆகாதுண்ணா. என் லைப்ரரியில தேதி குடுக்காட்டி உரிமை பொறக்கவே பொறக்காது. தேதி இல்லேன்னா அது உரிமை இல்ல, வெறும் ஆசை." நாலணாவை என் சட்டைப்பையிலேயே திருப்பிப் போட்டார்.

கெடு முடிந்தது. லண்டனிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள், கூட இரண்டு பேர். பெரிய அறை, சுவரில் பெரிய திரை. காபியை யாரிடமும் விடாமல் நானே எடுத்துப் போனேன். என் வீட்டின் சுவர் எழும்புமா என்பது அந்த அறையில்தானே முடிவாகிறது!

எந்த வகையைக் கேட்டாலும் திரையில் விலை வந்தது. மேனேஜர் முகம் பூரித்தது. அந்த அம்மாள் கெட்டிக்காரி. கடைசியாக ஒரு நாக்-அவுட் உரிமையைக் கேட்டார், ஆனால் வெங்காயத்துக்கு இருபது ரூபாய் போல, பங்கு விலைக்குப் போட்ட கோட்டை அது ஏற்கெனவே தாண்டி நிற்கிற மாதிரி எண்களைக் கொடுத்தார். பிறக்கும்போதே செத்த பிள்ளை.

திரையில் விலை வரவில்லை. இங்கிலீஷ் எழுத்தில் சிவப்பாக ஒரு வரி வந்தது: "அண்ணா, செத்துப் போச்சு."

வெங்காயத் துக்கத்தில் எழுதி வைத்ததை மாற்ற மறந்திருக்கிறார் மகராசன்!

"ஏன்ரீ இது?" என்னய்யா இது என்று மேனேஜர் கன்னடத்தில் பல்லைக் கடித்தார். வெள்ளைக்கார அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நாக்-அவுட் அவசரமாகக் கீபோர்டைத் தட்டினார், வரி அழியவில்லை. ஐந்தாறு இன்ஜினியர்கள் தரையைப் பார்த்தார்கள். என் அஸ்திவாரத்தில் தண்ணீர் ஏறுவது எனக்குத் தெரிந்தது. காபித் தட்டை மேஜை மேல் வைத்தேன்.

"மேடம், லைன் டச், வடை டெட். டெட் வடை, நோ ப்ரைஸ்."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் நாக்-அவுட்டுக்குக் குரல் வந்தது. வெங்காயம், பாய், வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் இங்கிலீஷில் கொட்டித் தீர்த்தார். அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்து, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லண்டனில் அவர்களிடம் இருந்த மென்பொருள், இதே கேள்விக்குக் கூசாமல் ஒரு விலையைச் சொல்லுமாம். பிணத்துக்கு விலை! இதைப் பிறப்பிக்க மறுத்தது இவருடையது மட்டும்தானாம். மாடி பிழைத்தது. அந்தச் சிவப்பு வரியை மாற்ற வேண்டாம் என்று அந்த அம்மாளே சொன்னதாக மேனேஜர் பிறகு சொன்னார். ஆக, லண்டனில் இன்றும் யாராவது தப்பான எண்ணைத் தட்டினால், அவர்களுக்குப் பதில் சொல்வது என் மசால் வடைதான்.

இரண்டு வருஷம் கழித்து அவரை லண்டனுக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். கிளம்புகிற நாள் கல்லாவுக்கு வந்து ஒரு நாலணாவை வைத்தார்.

"ஒரு மசால் வடைண்ணா. நான் திரும்பி வரும்போது. அதே மூணு ரூபா."

"வெங்காயம்?"

"வெங்காயம் எவ்ளோ வேணா ஏறட்டும். இது சாகாது."

"தேதி சொல்லலியே சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, மணிக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, படியிறங்கிப் போனார்.

மசால் வடை விலை இப்போது எங்கேயோ போய்விட்டது. அந்த நாலணா செல்லாக் காசாகிவிட்டது. கல்லாவை விட்டு வெளியே போனதில்லை. சாயங்காலம் கடைசி ஈடு எடுக்கும்போது ஒரு வடையைத் தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். கேன்டீன் சாத்தும்போது, பெருமூச்சு விட்டபடி மணி அதைத் தின்கிறான். தேதி இல்லையென்றால் அது உரிமை இல்லை, வெறும் ஆசை என்று சொன்னவரே அவர்தான். இருக்கட்டும். ஆசை என்னுடையது.