நிற்காத வண்டிக்கு எந்த டயர்?

ஈச்சமேடு (ஒரகடம் வழி),
24-11-91, ஞாயிறு.

பெரம்பூரில் ஃபிட்டராக இருந்து உறவுக்கெல்லாம் பெருமை தேடித் தரும் மச்சான் கன்னியப்பன் அவர்களுக்கு, தங்கை புருஷன் நடேசன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை மரகதம், குழந்தை காவேரி, கறவை மாடு எல்லோரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வல்லக்கோட்டை முருகன் துணை.

காவேரியின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக நீங்கள் கம்மலும் பட்டுப்பாவாடையும் தட்டில் வைத்ததோடு நிற்காமல், "மாப்ள பழைய வண்டில தபால் பைய தூக்கிக்கினு கஷ்டப்படுறாரே" என்று மாலை போட்டு ஒரு சைக்கிளையும் கொண்டுவந்து நிறுத்தினீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். குறை சொல்வதற்காக எழுதவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவன் நான் இல்லை. ஊரே அன்று வாயைப் பிளந்தது, உங்கள் தங்கை ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. என் பழைய வண்டியை மறுநாளே பாத்திரக்காரனிடம் போட்டு ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிவிட்டாள். ஆகவே திரும்பிப் போக வழியில்லை. வண்டியைக் கலைந்துபோன ஒரு சர்க்கஸில் வாங்கினேன் என்று நீங்கள் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் இல்லை என்பதும், சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும், பெடல் சுற்றினால் காலும் சுற்றியே தீரவேண்டும் என்பதும், பிரேக் என்று ஒன்று கிடையாது என்பதும் அன்று யாருக்கும் தெரியாது. ஊரில் இப்போது அதற்கு 'நிக்காத வண்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். கிளை ஆபீசில் கட்டிக் கொடுக்கும் தபால் பையை மூன்றே முக்கால் பஸ்ஸில் கண்டக்டர் கையில் சேர்க்க வேண்டும். தார்ரோடு சுற்று வழி என்பதால் நான் போவது ஏரிக்கரை, உபரித் தண்ணீர் வழியும் கலங்கல், பனைமர வரிசை, அப்புறம் வரப்பு. இந்தத் தடத்தில் உங்கள் வண்டியை ஓட்டியவன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். நம் பக்கத்து மரியாதையும் உங்களுக்குத் தெரியும், பெரியவர்கள் எதிரில் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நாலடி தள்ளிக்கொண்டு போய்த்தான் மறுபடி ஏற வேண்டும். முதல் நாளே பழைய பஞ்சாயத்துத் தலைவர் அப்பாவு எதிரில் வந்தார். நான் இறங்கத்தான் பார்த்தேன், கால்கள் இறங்க மறுத்துவிட்டன. தாண்டிப் போனால் மரியாதைக் குறைவு, மோதினால் அதைவிடக் குறைவு என்று அவரையே சுற்ற ஆரம்பித்தேன். மூன்றாவது சுற்றில், "இன்னாடா நடேசா, நான் இன்னா புள்ளையாரா?" என்று கேட்டார். நான் கும்பிட்டேன். கும்பிடக் கையை எடுத்ததால் விழுந்தேன். அது நமஸ்காரமாகிவிட்டது. மறுநாளிலிருந்து அதே நேரத்துக்குச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு அதே இடத்தில் நிற்கிறார். தினமும் எனக்கு அங்கே ஐந்து நிமிஷம் போகிறது.

வல்லத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஜெபகுமாரிடம் காட்டினேன். "ஒரு ஃப்ரீவீல் போட்டா அரை மணில முடிஞ்சிடும்ணா, இதுக்கா அழுவுற?" என்றான். கூட வந்திருந்த உங்கள் தங்கை அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். "எங்க அண்ணன் ஃபிட்டரு. அதுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுமா? பொறந்த வூட்டு சீருல கை வெச்சி மாத்துனா, சீரு மட்டம்னு நாளைக்கு ஊரு பேசாதா?" என்று கேட்டாள். நான் முழங்காலைக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துத் தீர்ப்பு சொன்னாள். டயர் தேய்கிற சாமான், ஹேண்டில்பார் அவரவர் கைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்கிற சாமான், சீர்ப் புடவைக்கு ரவிக்கை அளவு திருத்துவதைப் போல அவை இரண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், மற்றதைத் தொடக் கூடாது. ஜெபகுமார் கிறிஸ்தவன், அவனுக்கு இந்தச் சட்டம் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை, ஆனால் நான் அவள் புருஷன்.

ஆகவே டயரில் ஆரம்பித்தோம். வண்டியோடு வந்தது ஒல்லியான டயர், சர்க்கஸில் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. அதைக் கழற்றிவிட்டு, மண்ணைக் கவ்விப் பிடிக்கும் என்று ஜெபகுமார் சொன்னதால் முதலில் பட்டன் டயர் போட்டேன். மணலில் நன்றாகத்தான் கவ்வியது. ஏரிக்கரைக் களிமண் வந்ததும் அதையும் கவ்விக்கொண்டது. கவ்விய களி மட்கார்டுக்குள் ஏறி அடைத்து, சக்கரம் நின்றது. சக்கரம் நின்றதால் பெடல் நின்றது, பெடல் நின்றதால் கால் நின்றது, உடம்பு மட்டும் நிற்கவில்லை. நான் நாற்றங்காலில் விழுந்தேன், தபால் பை என் மேல் விழுந்ததால் நனையவில்லை. அடுத்து, வேலிக்காத்தான் முள்ளுக்கும் அசையாது என்று ரிக்‌ஷா டயர். முள் ஏறவில்லை, உண்மைதான். ஆனால் அந்தக் கனத்தோடு கரையிலிருந்து இறங்கியபோது வண்டி என் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. பெடல் சுற்றிய வேகத்தில் என் கால்கள் எனக்கே தெரியவில்லை. கீழே புஞ்சையில் ஏதோ கம்பெனி வரப்போகிறது என்று அளந்து வெள்ளையடித்த கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கம்பெனி இன்னும் வரவில்லை, நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். முழங்கால் விவரம் இதுதான்.

ஹேண்டில்பார் கதை தனி. நீங்கள் கொடுத்தது ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்தது. அதைப் பிடித்தால் கண்ணுக்கு முன்சக்கரம் மட்டும்தான் தெரிகிறது, எதிரில் வருகிறவர்களைச் செருப்பை வைத்து அடையாளம் காண்கிறேன். பால்காரர் ஒருவரின் நேர் ஹேண்டிலைக் கேட்டு வாங்கிப் போட்டேன். அது அகலம். பனைமரத்துக்கும் முள்வேலிக்கும் இடையில் வண்டி நுழைந்தது, என் முழங்கைகள் நுழையவில்லை. பிறகு நெஞ்சளவு உயரமான ஒன்று. பின்னால் பையின் கனம் இருப்பதால் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் எழும்பி என் முகத்தைப் பார்க்க வருகிறது.

இதனால் எல்லாம் இந்த மாதம் மூன்று முறை பஸ்ஸை விட்டுவிட்டேன். தபால் இன்ஸ்பெக்டர் சிவசங்கர் நல்ல மனிதர், கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருக்கும். "நடேசன், அடுத்த மாசம் ரெண்டாம் தேதி திங்கக்கெழம நானே கூட வர்றேன். அன்னிக்கும் பை போகலன்னா வேற ஆள போட்டுக்கிறேன். மனசுல வெச்சிக்காதீங்க" என்று மெதுவாகச் சொன்னார். பதினோரு வருஷமாகச் சுமந்த பை மச்சான். அதை இன்னொருவன் தூக்கிக்கொண்டு என் வாசல் வழியாகப் போவதை நான் பார்க்க வேண்டுமா? எனக்குப் பயமாக இருக்கிறது, இதை மரகதத்திடம் சொல்லவில்லை.

எனவே ஃபிட்டர் என்ற முறையில் நீங்கள் சொல்லுங்கள். களி, மணல், முள், வரப்பு நான்குக்கும் சேர்த்து நிற்காத வண்டிக்கு எந்த டயர், எந்த ஹேண்டில்? இன்னொரு விஷயம், இது நமக்குள் இருக்கட்டும். 'சர்க்கஸ்காரன் ஃப்ரீவீலைத் தனியாக எடுத்து வைத்தவன் மறந்துபோய் இப்போதுதான் கொடுத்தான்' என்று தங்கைக்கு ஒரு வரி எழுதி, ஒரு ஃப்ரீவீலைப் பார்சலில் அனுப்பிவிட்டால், அதுவும் சீரில் சேர்ந்துவிடும், அவளும் மறுக்க மாட்டாள். என் வேலையும் காலும் பிழைக்கும். உங்கள் கையைக் காலாக நினைத்துக் கேட்கிறேன். என் கால்கள் இப்போது எதற்கும் உதவாது.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. ஆவணியில் பேசிய கிடேரிக் கன்று உங்களுக்குத்தான், மறக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை
நடேசன்

பின்குறிப்பு (2-12-91, திங்கள்): மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். மரகதம் கண்ணில் படக் கூடாது என்று இந்தக் கடிதத்தைச் சைக்கிள் சீட்டின் உறைக்குள் செருகி வைத்தேன். செருகியவன் அதை மறந்து, தபாலில் போட்டுவிட்டதாகவே நினைத்திருந்தேன். ஊர்த் தபாலை எல்லாம் சுமக்கிறவன் சொந்தத் தபாலின் மேல் எட்டு நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் பதில் வராததால் போன வாரம் நீங்கள் கொடுத்த மொட்டை டயரையும் ஆட்டுக்கொம்பையுமே திரும்ப மாட்டிவிட்டேன். இன்று இன்ஸ்பெக்டர் மொபெட்டில் கூடவே வந்தார். இரண்டு நாள் மழையில் கலங்கலில் கணுக்கால் அளவு தண்ணீர், அடியில் பாசி. மொபெட் நடுவில் தண்ணீர் குடித்துப் படுத்துவிட்டது. மணி மூன்று இருபது. "உங்க வண்டில ரெண்டு பேர் போலாமா?" என்றார். பையை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் ஏறினார். பாசியில் நடக்கிறவர் வழுக்குவார், ஆனால் பெடலைக் காலால் அடக்கி அடக்கி விட்டால் இந்த வண்டி எறும்பு மாதிரி போகிறது மச்சான், ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை. ஒல்லி டயர் களியை அறுத்துக்கொண்டு அடித்தரையைப் பிடித்தது, மொட்டை என்பதால் மண் ஒட்டவும் இல்லை. சேற்றில் மிதிக்கும்போது ஆட்டுக்கொம்பைப் பிடித்து மேலே இழுத்தால்தான் காலுக்கு பலம் வருகிறது. அப்பாவு வழக்கமான இடத்தில் நின்றார், ஒரே சுற்றில் முடித்துவிட்டேன். பஸ் நின்றிருந்தது. என்னால்தான் நிற்க முடியவில்லை. பஸ்ஸைச் சுற்றினேன். இரண்டாவது சுற்றில் இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகப் பையைக் கண்டக்டர் மடியில் போட்டார். மணி மூன்று நாற்பத்து நாலு. வேலை நிலைத்தது. "இந்த வண்டிய மட்டும் மாத்திடாதீங்க நடேசன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கை எடுக்க முடியாததால் துடைக்கவில்லை. ஆகவே டயர் வேண்டாம், ஹேண்டில் வேண்டாம், ஃப்ரீவீல் வேண்டவே வேண்டாம். உங்கள் சீருக்கு நிகர் இல்லை.

அண்ணா, மரகதம் எழுதுறேன். கவர ஒட்ட கோந்து எடுத்தாறேன்னு அவரு ஆபீசுக்குப் போயிருக்காரு. எல்லாத்தையும் படிச்சிட்டேன். அவரு சொல்றத கேக்காத, மேல எழுதினா மாதிரியே ஃப்ரீவீல அனுப்பு, சர்க்கஸ்காரன் மறந்துட்டான்னே எழுது. நான் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துக்கிறேன். சீரு உன்னுது, அதுல எனக்கு கௌரவம்தான், இல்லைங்கல. ஆனா இந்த வண்டில இன்னாதான் கீதுன்னு முந்தாநேத்து அவரு தூங்கும்போது நான் ஏரிக்கர மேல ஓட்டிப் பாத்தேன். அந்த வெள்ளக் கல்லாண்ட போய்த்தான் நின்னேன். எனக்கு வலது முழங்கால்.